திரும்பிவர எண்ணும் மாநிலம்

மார்ச் 28

அம்மா,

இல்லை, அழவில்லை. வேய்ன் மாமா போனில் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நாற்காலி வரை போகத் தோன்றவில்லை.

போன் வேண்டாம். ஏரியில் உன் சரக்குக் கப்பலுக்கு எந்த முனையில் சிக்னல் வரும், எந்த முனையில் போகும் என்பது எனக்கு மனப்பாடம். பாதிப் பேச்சில் காணாமல் போவாய். கஷ்டமான விஷயத்தைக் காகிதத்தில்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். நாய் செத்தபோது வைத்தது. அதனால் இதை, ஓடும் கப்பல்களுக்குத் தபால் கொண்டுபோகும் டெட்ராய்ட் படகுக்கு அனுப்புகிறேன். கயிற்றில் கட்டிய வாளியில் உன்னிடம் ஏறி வரட்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து கட்டண விவரம் வந்தது. போன மாதம் எனக்கு இடம் கிடைத்த கடிதத்தை, கப்பல் ஏறும் முன் திரும்பத் திரும்ப உரக்கப் படித்தாயே, அதே பல்கலைக்கழகம். நம் மாநிலத்தின் பல்கலைக்கழகம். இங்கிருந்து காரில் ஒரு பகல். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் பதினேழாயிரம் டாலர். அதை வைத்துத்தான் குளிர்காலம் முழுக்கத் திட்டம் போட்டோம். வந்த காகிதத்தில் ஐம்பத்தெட்டாயிரம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு. தங்குவதும் சாப்பாடும் தனி.

மேலே என் பெயர். அதன் கீழே: வெளிமாநில மாணவி.

நான் பிறந்த ஆஸ்பத்திரியின் புகைபோக்கி இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது. காகிதத்தைப் பார்த்தேன். புகைபோக்கியைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தரை.

கூப்பிட்டேன். திருமதி ஓல்டம் என்று ஒருவர் எடுத்தார்.

“தப்பா போட்டிருக்கீங்க. நான் மிச்சிகன்.”

“இரும்மா, பாக்கறேன். உங்க அம்மா எந்த மாநிலம்?”

“இதேதான்.”

“இல்லையே. தெற்கு டகோட்டான்னு இருக்கே.”

“யாருக்கு?”

“உங்க அம்மாவுக்குத்தான். டார்லா கார்வோனென். உதவித்தொகை விண்ணப்பத்துல அவங்களே எழுதியிருக்காங்க. பெத்தவங்க எங்க குடியோ பிள்ளையும் அங்கதாம்மா குடி.”

அப்பா எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். நீ கப்பலில் இருக்கும்போது மாமாதான் என்னைப் பார்த்துக்கொள்கிறார் என்றேன். மாமாவெல்லாம் கணக்கில் வரமாட்டார் என்றார். அதை மாமாவிடம் சொன்னேன். “நான் எப்பதான்டி கணக்குல வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்றப் போய்விட்டார்.

தெற்கு டகோட்டாவில் நமக்கு யார் இருக்கிறார்கள், அம்மா? அந்த மாநிலம் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

மே முதல் தேதிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

ஐலா

துறைமுகத்துக்கு வெளியே பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. உன் கப்பல் கிழித்துக்கொண்டு போன கோடு மூடிவிட்டது.


ஏப்ரல் 4

என் தங்கமே, ஐலா,

உன் கடிதம் வாளியில் வந்தது. மேல்தளத்தில் நின்றபடியே பிரித்தேன். சுக்கான் பிடிக்கும் லானி அந்தப் பக்கம் வந்தவன், “என்ன டார்லா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற, அடுப்புல ஏதாச்சும் கருகிடுச்சா?” என்றான். கருகித்தான் போயிருந்தது. இருபது பேருக்கான உருளைக்கிழங்கு.

முதலில் மூச்சு விடு. தெற்கு டகோட்டாவில் நமக்கு ஒருவரும் இல்லை. ஒரு தபால் பெட்டி இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஜனவரியில், கப்பல் கட்டிக்கிடந்தபோது லானிதான் சொன்னான். அந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது. ஒரு ராத்திரி தங்கிய ரசீதைக் காட்டினால் ஓட்டுநர் உரிமம் கொடுத்துவிடுவார்கள். வருடா வருடம் கொஞ்சம் கட்டினால் ஒரு பெட்டி, அதுதான் விலாசம். வண்டியிலேயே வாழ்கிறவர்கள், கப்பல்காரர்கள், நிறையப் பேர் செய்வதுதான். பத்து மாதம் தண்ணீரில் கிடக்கிறவளுக்கு எந்த மாநிலமாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். நாலு பேர் ஒரே காரில் போனோம்.

மிச்சிகனுக்குக் கட்டாமல் மிஞ்சிய பணத்தை நான் தொடவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்படியே உன் படிப்புக் கணக்கில் போட்டேன். அதில் இருக்கும் பத்தொன்பதாயிரம் வேறெங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? உனக்காகத்தான் செய்தேன், கண்ணு. உதவித்தொகை விண்ணப்பத்தில், வரிக் கணக்கில் உள்ள மாநிலத்தையே எழுது என்றிருந்தது. எழுதினேன். ஒரு தடவை ஒழுங்காக நடந்துகொண்டதற்கு இந்தச் சம்பளம்.

ஆனால் யோசித்துப் பார். நான் தெற்கு டகோட்டா என்றால் நீயும் தெற்கு டகோட்டா. அப்படியானால் அங்கே உனக்கு உள்ளூர்க் கட்டணம்தானே? அங்கேயும் நல்ல பல்கலைக்கழகம் உண்டு. அங்கேயும் ஏரி உறையும். பனியைப் பற்றித்தானே நீ படிக்க வேண்டும்? கூப்பிட்டுக் கேள். இங்கே வெளியாள் என்றால் அங்கே சொந்தக்காரி.

போனை எடு. கோபமாக இருந்தால் எடுத்துவிட்டுக் கோபப்படு. வேய்ன் வெறும் பொரித்த மீனாகவே போடுகிறானா? உறைபெட்டியில் பேஸ்டி வைத்துவிட்டு வந்தேன், இறைச்சியும் டர்னிப்பும் போட்டது. நீலத் தாள் சுற்றியதெல்லாம் உனக்கு.

அம்மா


ஏப்ரல் 11

அம்மா,

கூப்பிட்டேன். தெற்கு டகோட்டா.

ஒரு ஆள். சிரித்த முகமாக இருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது.

“விலாசம் சொல்லும்மா.”

சொன்னேன்.

எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

“அந்த விலாசத்துல ஒரு ஊரே குடியிருக்கும்மா. மொத்தமும் பெட்டி. பெட்டிக்குள்ள யாரு படுத்துத் தூங்கறது? லைசென்ஸுக்கு அது போதும். படிப்புக்கு எடுக்க மாட்டோம். உங்க அம்மா இங்க ஒரு வருஷம் நெஜமாவே வாழ்ந்திருக்கணும்.”

“அப்ப நான் எந்த மாநிலம்?”

“உன் பேச்சக் கேட்டா மிச்சிகன் மாதிரிதான் இருக்கு.”

ஆக, மிச்சிகன் என்னைத் தெற்கு டகோட்டா என்கிறது. தெற்கு டகோட்டா என்னை மிச்சிகன் என்கிறது. இரண்டும் வெளியாள் விலை கேட்கின்றன. போனை வைத்த பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை இருந்தது.

எதற்கும் உன் உரிமத்தின் நகலை அனுப்பிப் பார் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் உன் இழுப்பறையைத் திறந்தேன். வேறு எதையும் தேடவில்லை. உரிமத்தோடு சேர்த்து, ரப்பர் வளையம் போட்டு, நீ அங்கே சத்தியம் செய்து கொடுத்த படிவத்தின் நகலும் இருந்தது. அதில் ஒரு கேள்வி.

வெளியே இருந்துவிட்டு நீங்கள் திரும்பிவர எண்ணும் மாநிலம் தெற்கு டகோட்டாதானா?

ஆம்.

கீழே உன் கையெழுத்து. அவசரமாகப் போட்டதுபோல் இல்லை.

தேதியைப் பார்த்தேன். அந்த வாரம்தான் எனக்குப் பன்னிரண்டு முடிந்தது. லானியோடும் மற்றவர்களோடும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறேன் என்றாய். ஒரு மீன்கூட இல்லாமல் வந்தாய். மாமாவும் நானும் அதைச் சொல்லி வசந்தம் வரை உன்னைக் கிண்டல் செய்தோம். நீயும் சிரித்தாய்.

வரியைப் பற்றி நான் கேட்கவில்லை. பணத்தைப் பற்றியும் இல்லை. அந்தக் கேள்வியைப் படித்தாயா? அதை மட்டும் எழுது.

நீ எப்போது போவாய், எப்போது வருவாய் என்பதைச் சின்ன வயதிலிருந்து பனிதான் முடிவு செய்தது. ஏரிக்கு ஏரி கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டுவாய்க்கால் உறைந்தால் வருவாய். உடைந்தால் போவாய். அதனால்தான் அதைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். உனக்கு இது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் நீராவிக் குளியலுக்குச் சவுனாவைச் சூடாக்கினோம். என் துண்டை உன் கொக்கியில் மாட்டினேன்.

“ஏய், அது அக்கா கொக்கிடி. அவ கப்பல்ல இருக்கறப்ப அது சும்மாத்தான் இருக்கணும்.”

“அவ தெற்கு டகோட்டாக்காரி மாமா. அங்க போய் மாட்டிக்கட்டும்.”

மாமா கல் மேல் தண்ணீர் ஊற்றினார். ஆவியில் அவர் முகம் தெரியவில்லை. “நாக்கு மட்டும் அப்படியே அவளோடது” என்றார்.

துண்டு அங்கேயேதான் இருக்கிறது.

ஐலா


ஏப்ரல் 16

ஐலா கண்ணு,

அந்தப் படிவத்தை யார் படிப்பார்கள்? கவுண்டரில் வரிசை. எனக்குப் பின்னால் மூன்று பேர். “சீக்கிரம் போடு டார்லா, பசிக்குது” என்று லானி. எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். அரசாங்கக் காகிதத்தில் ஆம் என்பதற்கெல்லாம் இவ்வளவு அர்த்தம் பார்க்கக் கூடாது. மீன் விஷயம் பொய்தான். அதற்கு மன்னித்துவிடு. நாலு பேரும் பேசிவைத்துக்கொண்டு வீட்டில் சொன்னது.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். எங்கள் கப்பல்காரர் சங்கத்தில் வரி பார்க்கும் ஆளிடம் கேட்டேன். நான் உண்மையில் மிச்சிகனை விட்டுப் போகவே இல்லை, என் வீடு அங்கேதான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், பல்கலைக்கழகம் உன்னை உள்ளூர்ப் பெண்ணாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் அதை எழுதிய மறு நிமிடம் ஆறு வருட வரியையும் அபராதத்தோடு கட்ட வேண்டும். உன் படிப்புக் கணக்கு துடைத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் போகும்.

லானியிடம் சொன்னேன். சொல்லாமல் செய்வது சரியில்லை.

“நீ வாயத் தொறந்தா எங்களையும் சேத்துத் தோண்டுவாங்க.”

“உங்க பேர நான் எதுக்குடா சொல்லப் போறேன்?”

“நீ சொல்லவே வேணாம். ஒரே மோட்டல், ஒரே ராத்திரி, வரிசையா நாலு ரசீது. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுக்குவான்.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவர்களோடு இன்னும் பல வருடம் ஒரே இரும்புக்குள் இருக்க வேண்டியவள் நான்.

நம் ஊர்க் கல்லூரியிலேயே இரண்டு வருடம் படித்தால் என்ன? பிறகு அங்கே மாறிக்கொள்ளலாம். நிறையப் பிள்ளைகள் செய்கிறார்கள். பனி அதற்குள் உருகிவிடாது.

யோசிக்கிறேன். நீயும் யோசி.

அம்மா


ஏப்ரல் 17

ஐலா,

படித்தேன்.

பேனாவை வைத்துவிட்டு இரண்டாம் தடவையும் படித்தேன். லானி பசி என்றது அதற்குப் பிறகு.

அந்தக் குளிர்காலம் வீட்டுக்கு வந்தபோது கரண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இடம் மாற்றியிருந்தீர்கள். நீ எழுந்து போய் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாய். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல, பிடியை என் பக்கம் திருப்பி. மரியாதையாக. நீயும் வேய்னும் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள், எனக்குப் புரியவில்லை.

திரும்பிவருவது எங்கே என்று அந்தக் கேள்வி கேட்டது. அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. யாரோ ஒரு இடத்தின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். ஆம் என்று போட்டேன்.

அம்மா


ஏப்ரல் 23

அம்மா,

உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. மெல்லியதை முதலில் பிரித்தேன்.

மற்றதைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது.

கரண்டி எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஞாபகம் இல்லாத ஒன்றால் இப்படி நடந்திருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. பிடியை உன் பக்கம் திருப்பிக் கொடுத்தது, மீன் கடையில் கத்தியை அப்படித்தான் நீட்ட வேண்டும் என்று மாமா கற்றுக்கொடுத்ததாலாக இருக்கலாம். இப்போதும் அப்படித்தான் கொடுக்கிறேன், எல்லாருக்கும்.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

திருமதி ஓல்டம் மறுபடி பேசினார். இரண்டு வழி இருக்கிறதாம்.

ஒன்று, உன் வரி ஆள் சொன்னது. நீ சத்தியம் செய்ய வேண்டும். அதை வைத்து நான் மேல்முறையீடு செய்ய வேண்டும். பதில் ஜூலையில்தான் வரும். ஆனால் இடத்துக்கான முன்பணம் மே ஒன்றில் கட்டியாக வேண்டும். அதாவது என்ன விலை என்று தெரியாமலே வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும்.

“இது என்ன நியாயம்?” என்று கேட்டேன்.

“நியாயம்னு நான் சொல்லவே இல்லையேம்மா. தேதி சொன்னேன்” என்றார்.

இன்னொன்று, சத்தியம் நான் செய்வது. என் தாய் எனக்கு எந்த ஆதரவும் தருவதில்லை, நான் அவர் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல, தனியாக வாழ்கிறேன் என்று. ஒரு வருடம் அப்படியே இருந்து காட்ட வேண்டும். வேலை, வாடகை, எல்லாம் என் பெயரில். நீ அனுப்பும் பத்து டாலர்கூட வாங்கக் கூடாது. அடுத்த வருடம் நான் மட்டும் மிச்சிகன்காரி ஆகிவிடுவேன். படிப்புக் கணக்கும் பிழைக்கும், லானியும் பிழைப்பான்.

அந்தப் படிவத்தை வரவழைத்துவிட்டேன். பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். கேள்வி வந்தது. உன்னைப் போலவே பேனாவை வைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. குளிர்ப்பெட்டிக் கதவில், உன் மீன் காந்தத்தின் கீழ் மாட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

வெளியாள் விலை நம்மால் முடியாது. அதில் சந்தேகமே இல்லை. தங்குவதும் சேர்ந்தால் உன் ஒரு வருடச் சம்பளம் முழுதும் போகும். நான்கு வருடம் நீ எதைச் சாப்பிடுவாய்? உள்ளூர் விலை என்றால், கல்விக் கடனும் நான் வேலை பார்ப்பதும் சேர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடியும். அதையும் இதையும் பிரிப்பது நீ எங்கே குடியிருக்கிறாய் என்ற ஒன்றுதான்.

மாமா நேற்று சாப்பிடும்போது சொன்னார்: “என் படகை வித்துடலாம்.”

“அது மிதக்காதே மாமா.”

“அத ஏன்டி வாங்கறவன்கிட்ட சொல்றே?”

சிரித்தோம். சிரித்து முடித்ததும், இது நீ இல்லாத சிரிப்பு என்று தோன்றியது. முன்பு தோன்றியதில்லை.

சத்தியம் செய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டு நீ செய்தால் அது படிப்புக்காகச் செய்ததாகும். எனக்குப் படிப்பு வேண்டும். ஆனால் அப்படி வேண்டாம்.

ஐலா


ஏப்ரல் 29

ஐலா,

திங்கட்கிழமை ஏலக்காய் ரொட்டி சுட்டேன். சர்க்கரை தூவி, பின்னல் போட்டு. மூன்று தட்டு. ஒரு துண்டுகூடப் போகவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கப்பலில் ஏலக்காய் ரொட்டி மிஞ்சி நான் பார்த்ததில்லை. புயலில்கூட மிஞ்சியதில்லை. வருவார்கள், சூப்பை ஊற்றிக்கொள்வார்கள், ரொட்டியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். லானி எல்லாரிடமும் சொல்லிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். மறுநாளும் சுட்டேன். மறுநாளும் மிஞ்சியது. பிடிவாதத்தில் நான் யாருக்கு அம்மா என்று உனக்குத் தெரியும்.

நேற்று டொலீடோ துறைமுகத்தில் சரக்கு இறங்கியது. இறங்கிப்போய் ஒரு நோட்டரியைத் தேடிப் பிடித்தேன். மாலுமிகளுக்குக் கையுறையும் கம்பளிச் சட்டையும் விற்கும் கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வலது கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். கையில் மாவு. “சும்மா அப்படியே தூக்குங்கக்கா, மாவுக்கெல்லாம் சட்டம் இல்ல” என்றாள்.

என் வீடு மிச்சிகனில் இருக்கிறது, எப்போதும் அங்கேதான் இருந்தது, வெளியே போனால் திரும்பிவர எண்ணுவது அங்கேதான் என்று எழுதினேன். இந்தத் தடவை யாரும் எனக்காக எழுதி வைத்திருக்கவில்லை. நானே எழுதினேன். ஒன்று பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. ஒன்று லான்சிங்கில் மிச்சிகன் வரி அலுவலகத்துக்கு. நகல் இதோடு இருக்கிறது. கணக்கில் உள்ள பத்தொன்பதாயிரமும் அவர்களுக்குத்தான். மீதியை மாதா மாதம் கட்டுவேன்.

இது முதல் தேதிக்குள் உன் கைக்கு வராது என்று தெரியும். வேய்னுக்குப் போன் செய்து சொல்லச் சொல்லலாம் என்று எண்ணை அழுத்தும் வரை போனேன். வைத்துவிட்டேன். கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நானும் சொல்லாமல்தான் செய்ய வேண்டும். முன்னால் சொன்னால் விலை கொடுத்து உன்னைத் திரும்ப வாங்குகிற மாதிரி இருக்கும். நீ அந்த இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் போட்டதாகவே இருக்கட்டும். நானே ஒரு தடவை போட்டவள். உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

கப்பலுக்குத் திரும்பி வந்தேன். எல்லாரும் தூங்கப் போன பிறகு லானி வந்தான். நின்றுகொண்டே ரொட்டியில் ஒரு துண்டு சாப்பிட்டான். இன்னொரு துண்டு எடுத்தான்.

“போட்டியா?”

“போட்டேன்.”

மென்றுகொண்டே இருந்தான். அவன் மகன் கான்ராட் உனக்கு மூன்று வயது சின்னவன்.

“அந்த ஆபீஸ்ல யார்கிட்ட பேசணும்?” என்றான். “எம் பையனுக்கும் வரும்ல, இது.”

எழுதிக் கொடுத்தேன். காலையில் தட்டு காலி.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. போனை எடுக்காததில் மட்டும் கொஞ்சம்.

அம்மா


மே 5

அம்மா,

இன்று வந்தது. நகலைப் பார்த்தேன். ஓரத்தில் உன் கட்டைவிரல், மாவில்.

முதல் தேதி நடந்தது இது.

தபால்காரர் பதினோரு மணிக்கு வந்தார். உன்னிடமிருந்து எதுவும் இல்லை. மாமா மோட்டார் கொட்டகையில் இருந்துகொண்டு, எதையும் பார்க்காத மாதிரி என்னையே பார்த்தார். குளிர்ப்பெட்டிக் கதவில் அந்தக் காகிதம். அதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் நிச்சயம். போடாவிட்டால் எதுவும் நிச்சயம் இல்லை.

கணினி முன் உட்கார்ந்தேன். முன்பணம் முந்நூறு டாலர். மீன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளத்திலிருந்து கட்டினேன். மேல்முறையீட்டுப் படிவத்தையும் திறந்தேன். பெற்றோர் திரும்பிவர எண்ணும் இடம் எது என்று ஒரு கட்டம். உன்னிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை. நீ சத்தியம் செய்வாய் என்று எனக்குத் தெரியாது, அம்மா. செய்ய மாட்டாய் என்றுதான் பாதி நினைத்தேன். இருந்தும் எழுதினேன்.

மறுநாள் திருமதி ஓல்டம் கூப்பிட்டார்.

“அம்மா திரும்பிவர்ற இடம்னு கேட்டதுக்கு ‘இங்கே’ன்னு போட்டிருக்கியேம்மா. இங்கேன்னா எங்க? மாநிலத்துப் பேரு வேணும்.”

“மிச்சிகன்.”

“அத நான் போட்டுக்கறேன்.” தட்டச்சுச் சத்தம் கேட்டது. “எப்ப வருவாங்க?”

“ஜனவரில. பூட்டுவாய்க்கால் மூடினதும்.”

“சரி” என்றார். அதையும் எங்கோ எழுதிக்கொண்டார்.

ஜூலையில் இல்லை என்று சொன்னால் முந்நூறு டாலர் போகும். அவ்வளவுதான் போக விடுவேன். வெளியாள் விலையை நீயும் கட்டக் கூடாது, நானும் கட்ட மாட்டேன். இங்கேயே கல்லூரியில் சேர்ந்து, மீன் கடையில் நின்று, இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். பனி உருகிவிடாது என்று நீயே சொன்னாய். உருகிக்கொண்டுதான் இருக்கிறது. பரவாயில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். இன்னும் வரவில்லை. கரண்டிகள் அடுப்புக்கு இடது பக்கம், மூன்றாவது இழுப்பறையில் இருக்கின்றன. ஜனவரியில் நீயே எடுத்துக்கொள். நான் எழுந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கப்பல் பெரிய பாலத்துக்கு அடியில் போகும்போது சிக்னல் வரும். எடுக்கிறேன்.

ஐலா

சவுனா அடுப்பைப் பற்றவைக்க மாமா பழைய காகிதம் கேட்டார். குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பிறகு உன் கொக்கியிலிருந்த என் துண்டைக் கழற்றி என்னுடையதில் மாட்டினேன்.